பட்டியலா, அகராதியா, அட்டையா, வாசிப்பா: ஆங்கிலச் சொல்வளத்துக்கு எந்த வழி யாருக்கு?

"ஆங்கிலத்தில் சொல்வளம் பெருக என்ன செய்யலாம்?" என்று கேட்பவர்கள் அநேகமாகக் கையில் ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். ஒருவரிடம் பாதி நிரம்பிய நோட்டு. இன்னொருவர் போனில் மூன்று செயலிகள், மூன்றும் முதல் வாரத்தோடு நின்றுபோனவை. வேறொருவர் ஆசையாக நாவல் ஒன்றை எடுத்து, பன்னிரண்டாம் பக்கத்தில் ஓரம் மடித்து வைத்தவர், அப்புறம் திறக்கவே இல்லை. இவர்களுக்கு வழி தெரியாமல் இல்லை. இத்தனை வழிகளில் எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது என்பதில்தான் குழப்பம்.

நானும் எல்லாவற்றையும் செய்து பார்த்தவன்தான். படிக்கிற காலத்தில் ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று எழுதி வந்தேன். அதில் 'ரிலக்டன்ட்' என்ற சொல்லுக்கு எதிரே 'தயக்கமுள்ள' என்று இருந்தது. பல ஆண்டுகள் கழித்து ஒரு கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து, அந்த நோட்டுச் சொல்லை எடுத்து விட்டேன். கேட்டவர் எனக்குப் பேச இஷ்டமில்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்தவரை அழைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. 'ரிலக்டன்ட்' என்பது மனமில்லாத தயக்கம். உறுதியில்லாமல் வரும் தயக்கத்துக்கு 'ஹெசிடன்ட்'. என் நோட்டில் இரண்டும் ஒரே தமிழ்ச் சொல்லுக்குள் அடைபட்டுக் கிடந்தன.

## முதலில், எங்கே முட்டுகிறது?

சொல்வளம் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதற்குள் இரண்டு கையிருப்புகள் உண்டு. பார்த்தால் புரிகிற சொற்கள் ஒன்று, வேண்டும்போது வாயில் வருகிற சொற்கள் இன்னொன்று. எதிரே வருபவரின் முகம் நன்றாகத் தெரிகிறது, பேர் மட்டும் நாக்கு நுனியில் நிற்கிறதே, அந்த வித்தியாசம்தான். தாய்மொழியிலும்கூட முதல் கையிருப்புதான் பெரிது. எந்தக் கையிருப்பில் உங்களுக்குப் பற்றாக்குறை என்று தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுத்தால், மூன்று மாத உழைப்பு ஏற்கெனவே நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதையாகிவிடும்.

கண்டுபிடிக்க இரண்டு சின்னச் சோதனைகள் போதும்.

நீங்கள் படிக்க ஆசைப்படும் ஒன்றில், சுமார் 300 சொல் வரும் ஒரு பக்கத்தை எடுத்து, தெரியாத சொற்களின் அடியில் கோடு போடுங்கள். ஆறு கோடு வந்தால் 98 சதவீதம் தெரிகிறது என்று அர்த்தம். அந்த அளவில்தான் துணையில்லாமல் வசதியாகப் படிக்க முடியும் என்பது சொல்வள ஆய்வாளர்கள் பலர் ஒப்புக்கொள்கிற கணக்கு. பதினைந்து வந்தால் 95 சதவீதம், மூச்சு வாங்கும். முப்பது வந்தால் அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

அடுத்தது, நேற்று என்னென்ன செய்தீர்கள் என்று இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசி, போனில் பதிவு செய்து கேளுங்கள். நம் குரலை நாமே கேட்கச் சங்கடமாக இருக்கும், பரவாயில்லை. நாக்கு நின்ற இடங்களைக் குறியுங்கள். அங்கே வேண்டியிருந்தது அபூர்வமான சொல்லாக இருக்காது. 'தள்ளிப்போட்டேன்', 'எப்படியோ சமாளித்தேன்', 'கொஞ்சம் மிச்சம் இருந்தது' என்கிற மாதிரி தினமும் புழங்கும் விஷயங்களில்தான் நின்றிருக்கும். 'புட் ஆஃப்', 'மேனேஜ்', 'லெஃப்ட் ஓவர்' மூன்றையும் எங்காவது படித்தால் உடனே புரியும் என்பது அப்போதுதான் உறைக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து அளவுகோல் வைத்துக்கொள்கிறேன். முதல் இரண்டுக்குத்தான் எடை அதிகம்.

தேவையான சொல்தானா? ஆங்கிலத்தில் லட்சக்கணக்கில் சொற்கள் இருந்தாலும் அன்றாடப் பாரத்தைச் சுமப்பவை கொஞ்சம்தான். ஆங்கில ஆசிரியர் மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் சுமார் 2000 தலைச்சொற்கள், அதாவது அகராதியில் தனிப் பதிவாக வரும் சொற்கள். சாதாரண எழுத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அவற்றுக்குள்ளேயே அடங்கிவிடும். அதைப் புதுப்பித்து 2013இல் வந்த பட்டியலில் சுமார் 2800. அதற்கு மேல் ஏற ஏற, ஒவ்வோர் ஆயிரத்துக்கும் கிடைக்கும் பலன் குறைந்துகொண்டே போகும். நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் போட்ட கணக்கு இது: நாவலும் செய்தித்தாளும் துணையின்றிப் படிக்க 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள், பேச்சைப் பின்தொடர 6000 முதல் 7000. 'யூஸ், யூஸ்ஃபுல், யூஸ்லெஸ்' எல்லாம் ஒரே குடும்பம் என்று எண்ணிய கணக்கு. அதாவது முதல் இரண்டாயிரம் ஒரு வகை வேலை, அடுத்த ஆறேழாயிரம் வேறு வகை வேலை. இரண்டுக்கும் ஒரே வழி சரிப்படாது.

பயன்பாடு சேர்ந்து வருமா? யானை பிளிறும், குயில் கூவும், மயில் அகவும் என்று பள்ளியில் மரபுச் சொற்கள் படித்திருப்போம். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என்று இளமைப் பெயர்கள் ஒன்பதைச் சொல்லி, எது எதற்குப் பொருந்தும் என்று தொல்காப்பிய மரபியல் வகுத்தே வைத்திருக்கிறது. தமிழில் 'கனமழை' உண்டு, 'கனக்காற்று' கிடையாது. காற்று என்றால் 'பலத்த'தான். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை, அப்படித்தான் சொல்வோம். ஆங்கிலத்திலும் அதே கதை. மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. முடிவை 'மேக்' செய்கிறார்கள், வீட்டுப்பாடத்தை 'டூ' செய்கிறார்கள். நாம் மாத்திரை 'சாப்பிடுகிறோம்', அவர்கள் 'டேக்' செய்கிறார்கள். ஒரு சொல் யாரோடு சேரும், யாரோடு சேராது என்பது தெரிகிற வரை அந்தச் சொல் பாதிதான் உங்களுடையது.

தங்குமா? ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று தன்னையே அளந்து 1885இல் வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் நழுவிவிட்டது. அதற்குப் பிறகு நழுவும் வேகம் குறைகிறது. ஆகவே ஒரே நாளில் எத்தனை படித்தோம் என்பதைவிட, நழுவுவதற்கு முன் எத்தனை முறை மறுபடி சந்தித்தோம் என்பதுதான் கணக்கு.

மீதி இரண்டும் எளிது. மறைமுகச் செலவு என்ன, மூன்று மாதம் தாண்டியும் செய்ய மனம் வருமா?

## ஒரே பார்வையில்

| வழி | தேவையான சொல் | பயன்பாடு | நினைவு | மறைமுகச் செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|---|
| ஆங்கிலம்-தமிழ்ப் பட்டியல் | பட்டியலைப் பொறுத்தது | மிகக் குறைவு | திரும்பப் பார்க்காவிட்டால் இல்லை | தவறான நம்பிக்கை | தொடக்கநிலை, நெருங்கிய தேர்வு |
| கற்போருக்கான ஆங்கில அகராதி | நீங்கள் தேடுவதுதான் | மிக அதிகம் | குறைவு | நேரம், வாசிப்பு தடைபடுதல் | எழுத்து வேலை |
| நினைவு அட்டை | நீங்கள் போடுவதுதான் | அட்டையைப் பொறுத்தது | மிக அதிகம் | தினசரிக் கடமை, குவியும் பாக்கி | ஒழுங்காக உட்காருபவர் |
| வாசிப்பு | தானாகவே அமையும் | மிக அதிகம் | மெதுவாக, ஆனால் உறுதியாக | சரியான நிலைப் புத்தகம் தேடுவது | இரண்டாயிரம் சொல் தாண்டியவர் |

அட்டவணை பாதிதான் சொல்கிறது. சிக்கல் எல்லாம் விவரத்தில் இருக்கிறது.

## ஆங்கிலம்-தமிழ்ச் சொற்பட்டியல்

சொல்லையும் பொருளையும் மனப்பாடம் செய்வது நமக்குப் புதிதல்ல. நிகண்டுகள் அதற்கென்றே செய்யப்பட்டவை. ஆனால் அவை பாட்டாக இருந்தன. சந்தமும் எதுகையும் அடுத்த சொல்லை இழுத்துக்கொண்டு வரும். இன்றைய 'தினம் பத்துச் சொல்' பட்டியலுக்கு அந்தப் பிடிமானம் எதுவும் இல்லை. கோடு போட்ட இரண்டு வரிசை, அவ்வளவுதான்.

இருந்தாலும் பட்டியலைக் கேலி செய்பவர்களோடு நான் சேர மாட்டேன். முதல் ஆயிரம் சொல்லுக்கு இதைவிட வேகமான வழி இல்லை. 'டோர்' என்றால் கதவு. இதற்கு ஆங்கில விளக்கமும் மூன்று எடுத்துக்காட்டும் எதற்கு? கையால் தொட்டுக் காட்டக்கூடிய பொருள்களுக்குத் தாய்மொழிச் சொல் ஒன்று போதும், நேரம் மிச்சம்.

தகராறு தொடங்குவது வினைச்சொல்லிலும் குணத்தைச் சொல்லும் சொல்லிலும்தான். 'கேள்' என்ற நம் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் கேட்டால் 'ஆஸ்க்', சத்தம் கேட்டால் 'ஹியர்', சொன்ன பேச்சைக் கேட்டால் 'லிசன்'. பட்டியலில் மூன்றுக்கும் எதிரே 'கேள்' என்றே போட்டிருந்தால், படிப்பவர் "ஐ ஹியர் சாங்ஸ் எவ்ரி டே" என்றுதான் சொல்வார். தப்பு அவருடையதா, பட்டியலுடையதா?

தொனி இன்னும் மோசமாக மாட்டிவிடும். 'ஸ்லிம்', 'தின்', 'ஸ்கின்னி' மூன்றுக்கும் 'ஒல்லியான' என்று போட்டுவிடலாம். ஆனால் தமிழில் ஒருவரை ஒடிசலானவர் என்பதும் நோஞ்சான் என்பதும் ஒன்றா? 'ஸ்லிம்' பாராட்டு. 'ஸ்கின்னி' பெரும்பாலும் அப்படியல்ல. 'சீப்' என்றால் மலிவு என்று படித்துவிட்டு, ஒருவர் கொடுத்த பரிசைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னால் அவர் முகம் மாறும். விலை குறைவு என்று மட்டும் சொல்ல 'இன்எக்ஸ்பென்சிவ்' இருக்கிறது.

இன்னொரு மறைமுகச் செலவு பலருக்குத் தெரியாது. ஒரே பொருள் தரும் சொற்களையும் எதிர்ச்சொற்களையும் புதிதாக ஒரே நாளில் சேர்த்துப் படித்தால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஆய்வுகளிலும் இது தென்பட்டிருக்கிறது. 'லெண்ட்', 'பாரோ' இரண்டையும் ஜோடியாகப் படித்தவர்கள்தான் கடன் கொடுத்தது யார், வாங்கியது யார் என்று ஆயுள் முழுக்கக் குழம்புகிறார்கள். ஒன்றை நன்றாகப் பழகிய பிறகு மற்றதைத் தொடுவது நல்லது. 'மகிழ்ச்சிக்குப் பதினைந்து ஆங்கிலச் சொற்கள்' என்கிற மாதிரிப் பட்டியல்கள் பார்க்கத்தான் அழகு.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் தரும் பட்டியல்களிடமும் கொஞ்சம் ஜாக்கிரதை. 'பேக்' என்று எழுதினால் அது பையா, முதுகா, மூட்டை கட்டுவதா, மாவை அடுப்பில் வேகவைப்பதா? ஆங்கிலத்தில் நான்கும் நான்கு ஒலி. இந்தக் கட்டுரையும் அந்தக் குற்றத்தைத்தான் செய்கிறது, ஆகவே இதை உச்சரிப்புப் பாடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பட்டியல் எப்போது சரி: ஆங்கிலத்தின் முதல் படியில் நிற்கும்போது. தேர்வு இன்னும் ஆறு வாரத்தில் இருக்கும்போது. அப்போதும் யாரோ கைக்கு வந்த சொல்லையெல்லாம் அடுக்கிய பட்டியலை விட்டு, அதிகம் புழங்கும் வரிசையில் அமைந்த பட்டியலாகப் பார்த்து எடுங்கள்.

## கற்போருக்கான ஆங்கில அகராதி

ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் அகராதி என்றவுடன் பலரும் பின்வாங்குவார்கள். ஆனால் ஆங்கிலேயருக்காக எழுதியது வேறு, ஆங்கிலம் கற்பவருக்காக எழுதியது வேறு. இரண்டாவது வகையின் முன்னோடிகளில் ஒருவர் ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். பொருள் தெரிந்தும் மாணவர்களால் வாக்கியம் அமைக்க முடியாததைக் கண்டு, சொல் எப்படி வாக்கியத்தில் உட்காரும் என்பதையும் அகராதியில் சேர்த்தார். 1942இல் அங்கே வந்த அந்த அகராதிதான் 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாகி, இன்று வரை பதிப்பு மேல் பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. 1978இல் வந்த லாங்மன் அகராதி எல்லா விளக்கங்களையும் ஏறக்குறைய 2000 எளிய சொற்களுக்குள் எழுதியது. 1987இல் வந்த கோபில்டு அகராதி விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது. இந்த வகை அகராதிகள் பலவற்றை இப்போது இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

இவை தருவதைப் பட்டியல் தர முடியாது. 'அட்வைஸ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எண்ண முடியாத பெயர்ச்சொல் என்ற குறி இருக்கும். அதைப் பார்த்தவர் 'அட்வைசஸ்' என்று எழுத மாட்டார். 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்' இரண்டுக்கும் அதே குறிதான். 'டிஸ்கஸ்' என்ற சொல்லின் எடுத்துக்காட்டுகளில் 'அபவுட்' எங்கேயும் வராது. "பற்றி விவாதித்தோம்" என்று தமிழில் நினைத்து நாம் சேர்க்கிற 'பற்றி' அது. 'சஜஸ்ட்' என்பதற்கு "சஜஸ்டட் கோயிங்" என்றும் "சஜஸ்டட் தட் வி கோ" என்றும் இருக்கும், "சஜஸ்டட் அஸ் டு கோ" என்று இருக்காது. இப்படி ஒரு சொல்லுக்கு ஒன்றரை நிமிடம் செலவழித்தால் பத்து வருடப் பிழை ஒன்று திருந்துகிறது.

அந்த ஒன்றரை நிமிடம்தான் செலவும். பக்கத்துக்குப் பதினைந்து முறை அகராதியைத் திறப்பவர் கதையைப் படிக்கவில்லை, அகராதியைத்தான் படிக்கிறார். விளக்கத்திலேயே தெரியாத சொல் வந்து, அதைத் தேடப் போய், அங்கிருந்து இன்னொன்றுக்குப் போய், கடைசியில் எதற்கு வந்தோம் என்றே மறந்துபோவதும் உண்டு. இரண்டாயிரம் சொல் கைவசம் இல்லாதவருக்கு இந்த வழி பெரும் சோர்வு. பார்த்ததெல்லாம் தங்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஒரே சொல்லை நான்காவது முறை தேடுகிறபோது நம் மேலேயே கோபம் வரும்.

அகராதி எப்போது சரி: மின்னஞ்சல், அறிக்கை, கட்டுரை என்று எழுதியே ஆக வேண்டிய வேலை இருக்கும்போது. தெரியாத சொல்லைத் தேடுவதைவிட, பாதி தெரிந்த சொல்லைத் தேடுங்கள். எனக்கு அதில்தான் அதிகம் கிடைத்தது.

## நினைவு அட்டை

முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். ஜெர்மானிய அறிவியல் பத்திரிகையாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் பரப்பிய பெட்டி முறையில் அட்டைகள் பல அறைகளில் இருக்கும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். பின் அறைகளை அபூர்வமாகத்தான் திறப்பீர்கள். ஆகவே தெரிந்ததில் நேரம் வீணாகாது. இதையே கணினியில் செய்வதுதான் 2006இல் வந்த ஆங்கி போன்ற செயலிகள். எபிங்ஹாஸ் அளந்த மறதிக்கு இவ்வளவு நேரடியான மருந்து வேறு இல்லை. நினைவு என்ற ஒரே அளவுகோலை வைத்தால் அட்டைக்குத்தான் முதல் பரிசு.

ஆனால் அட்டையில் எதைப் போடுகிறீர்களோ அதுதான் தங்கும். தப்பான அட்டை தப்பை நிரந்தரமாக்கும். 'கெட் – பெறு' என்று ஓர் அட்டை போட்டால் என்ன ஆகும்? 'கெட் அப்', 'கெட் ஓவர்', 'கெட் அலாங்' எதிலும் பெறுவது கிடையாது. நான் இப்போது போடுவது இப்படி இருக்கும்:

முன்பக்கம்: "ஷி காட் ____ தி ஃபீவர் இன் எ வீக்." (காய்ச்சல் தேறிவிட்டது)
பின்பக்கம்: ஓவர்.

முழு வாக்கியம், அதில் ஓர் இடைவெளி, ஓரத்தில் தமிழில் ஒரு குறிப்பு. 'ரிலக்டன்ட்' சொல்லுக்கும் இதே மாதிரி ஓர் அட்டை இருக்கிறது. "ஐ வாஸ் ____ டு லீவ்", குறிப்பு: போக மனமே இல்லை. நோட்டில் இருந்த 'தயக்கமுள்ள' போய்விட்டது.

செலவுக்கு வருவோம். ஆங்கியின் கையேடே சொல்கிற கணக்கு: தினம் 20 புது அட்டை சேர்த்தால், நாளடைவில் திருப்பிப் பார்க்க வேண்டியவை தினம் சுமார் 200 ஆகும். ஆரம்ப உற்சாகத்தில் இருபது, முப்பது என்று சேர்ப்பவர்கள் மூன்றாம் வாரம் கவிழ்வது இதனால்தான். பத்து நாள் ஊருக்குப் போய் வந்தால் பாக்கி வட்டியோடு நிற்கும். அதைப் பார்த்தே செயலியை அழித்தவர்கள் உண்டு. தினம் ஐந்து போதும். ஐந்து என்றால் வருடத்துக்கு 1800க்கு மேல், அது சின்ன எண்ணிக்கையா?

யாரோ செய்து வைத்த அட்டைக் கட்டைப் பதிவிறக்குவது வசதிதான். ஆனால் அதில் வரும் சொல்லை நீங்கள் எங்கும் சந்தித்திருக்க மாட்டீர்கள். ஊர் பேர் தெரியாத ஆளை மணமேடையில் பார்ப்பது போல. நீங்கள் படித்த, கேட்ட வாக்கியத்திலிருந்து நீங்களே செய்த அட்டைக்கு அந்த இடமும் நினைவோடு வரும்.

அட்டை எப்போது சரி: தினம் பத்துப் பதினைந்து நிமிடம் தவறாமல் உட்கார முடியும் என்றால். வார இறுதியில் மொத்தமாக மூன்று மணி நேரம் உட்காருபவர் என்றால் இது உங்கள் வழியில்லை.

## வாசிப்பு

நிறையப் படியுங்கள், தானாக வரும் என்பார்கள். உண்மைதான், இரண்டு நிபந்தனைகளோடு.

முதலாவது, நிலை. பக்கத்துக்கு முப்பது சொல் தெரியாதபோது, ஊகிப்பதற்கு உதவ வேண்டிய பக்கத்துச் சொல்லும் தெரியாத சொல்லாக இருக்கும். இருட்டில் இருட்டைத் தேடுகிற கதை. இதற்காகவே குறிப்பிட்ட சொல் எண்ணிக்கைக்குள் எழுதப்படும் படிநிலைக் கதைப் புத்தகங்கள் இருக்கின்றன. கிரேடட் ரீடர் என்று தேடினால் கிடைக்கும். பெரியவர்களுக்கு அதை எடுக்கக் கௌரவம் இடிக்கும். இடித்தால் இடிக்கட்டும், ஒரு மாதம் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது, அளவு. ஒரு சொல்லை ஒருமுறை கதையில் பார்த்தால் தங்காது. எட்டு முறை, பத்து முறை என்று ஆய்வுகளில் கணக்கு மாறி மாறி வரும், இரண்டு மூன்று முறையில் முடிவதில்லை என்பது மட்டும் பொது. மாதம் பத்துப் பக்கம் படிப்பவருக்கு அதே சொல் மறுபடி வருவதற்குள் பழையது மறந்திருக்கும். ஒரே எழுத்தாளரை, ஒரே துறையை, ஒரே தொடரைத் தொடர்ந்து படித்தால் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். பலரும் கலந்து கட்டிப் படிக்கச் சொல்வார்கள். சொல்வளம்தான் நோக்கம் என்றால் நான் அதற்கு நேர்மாறாகச் சொல்வேன்.

இந்த இரண்டும் அமைந்தால், பயன்பாட்டில் வாசிப்பை அடிக்க எதுவும் இல்லை. 'ஸ்கின்னி' என்று ஒரு கதாபாத்திரம் இன்னொருவரைச் சொல்லி, அவர் முகம் சுளிப்பதைப் படித்தவருக்கு எந்த அகராதியும் வேண்டாம். செலவு என்ன? ஊகம் தப்பலாம். கதை ஓடிக்கொண்டிருப்பதால் தப்பியது தெரியவும் தெரியாது. 'ஹார்ட்லி' என்பதை 'ஹார்ட்' சொல்லோடு சேர்த்துக் 'கடினமாக' என்று வருடக்கணக்கில் நினைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். "ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்" என்றால் பாடுபட்டு உழைக்கிறார் என்று எடுத்துக்கொண்டாராம். அது அநேகமாக வேலையே செய்வதில்லை என்று அர்த்தம். இன்னொன்று, வாசிப்பு முதல் கையிருப்பைத்தான் நிரப்பும். படித்ததாலேயே வாயில் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வாசிப்பு எப்போது சரி: அடிப்படை இரண்டாயிரம் தாண்டி, அடுத்த ஆறேழாயிரத்தை நோக்கி நடக்கும்போது. அத்தனை சொல்லையும் பட்டியலிலோ அட்டையிலோ ஏற்றுவது நடக்கிற காரியமில்லை.

## படமும் செயலியும்

படம், தொடர், காணொளி மூன்றும் காதுக்கு நல்லவை. திரையின் அடியில் ஓடும் துணைஎழுத்தை ஆங்கிலத்திலேயே வையுங்கள். தமிழில் வைத்தால் கண் படிக்கும், காது தூங்கும். மொழிபெயர்ப்புச் செயலி அவசரத்துக்குச் சரி, ஆனால் தனிச் சொல்லாகக் கொடுத்தால் அது என் பழைய நோட்டு மாதிரியேதான், எந்தத் தயக்கம் என்று கேட்காது. முழு வாக்கியமாகக் கொடுங்கள். உரையாடும் செயலிகளிடம் நீங்கள் எழுதிய வாக்கியத்தைக் கொடுத்து, இதில் எந்தச் சொல் உறுத்துகிறது என்று கேட்கலாம். பதிலை அகராதியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் சில நேரம் உறுதியான குரலில் தப்புச் சொல்லும்.

## உங்கள் நிலைக்கு எது

வரிக்கு வரி முட்டுகிறது என்றால்: அதிகம் புழங்கும் சொற்களின் பட்டியல், அதை ஏற்றிய அட்டை, முதல் நிலைக் கதைப் புத்தகம். அகராதி இப்போது வேண்டாம்.

படித்தால் புரிகிறது, எழுதினால் திருத்திக் கொடுக்கிறார்கள் என்றால்: அகராதி மட்டும். உங்களைத் திருத்திய ஒவ்வொரு சொல்லையும் அன்றே அதில் தேடுங்கள். புதுச் சொல் ஒன்றுகூடத் தேவையில்லை.

தேர்வு நெருங்குகிறது என்றால்: பட்டியலும் அட்டையும். பயன்பாடு வராது என்று தெரிந்தே செய்யுங்கள், மதிப்பெண் வந்த பிறகு மிச்சத்தைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் உயர்கல்வி படிக்கப் போகிறவர்களுக்கு 2000ஆம் ஆண்டில் ஏவரில் காக்ஸ்ஹெட் தொகுத்த 570 சொற்குடும்பங்களின் கல்விச் சொற்பட்டியல் இருக்கிறது, அதிலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம்.

எல்லாம் புரிகிறது, பேச மட்டும் வரவில்லை என்றால்: கேட்பவர்களில் பெரும்பாலோர் இந்தக் கூட்டம்தான், ஆனால் அவர்கள்தான் இன்னொரு பட்டியலைத் தேடி ஓடுகிறார்கள். உங்களுக்குப் புதுச் சொல் வேண்டியதில்லை, இருக்கிற சொல்லை வெளியே இழுக்க வேண்டும். அன்றைக்குப் பேசும்போது தமிழில் மட்டும் வந்த ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், 'தள்ளிப்போட்டேன்' மாதிரி. இரவில் அதற்கு ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வார்கள் என்று அகராதியில் பார்த்து, உங்கள் வாழ்க்கையிலிருந்தே ஒரு வாக்கியம் எழுதி, ஓர் அட்டை. ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ. மறுநாள் யாரிடமாவது அதைச் சொல்லிவிட வேண்டும், ஆள் கிடைக்காவிட்டால் கண்ணாடியிடமாவது.

மூன்று மாதம் கழித்து அதே இரண்டு நிமிடப் பதிவை மறுபடி செய்து, பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். என் பழைய பதிவில் 'வெரி நைஸ்' ஒன்பது முறை வந்திருந்தது.